ஒரே படம், ஆறு இடம்: கணினியில் டூப்ளிகேட் போட்டோக்களைத் தேடி நீக்குவது எப்படி

அம்மாவின் லேப்டாப்பில் டி டிரைவின் நீலக் கோடு சிவப்பாகியிருந்தது. "போட்டோ எதுவும் புதுசா போடலையேடா, எப்படி நிறைஞ்சுது?" என்று கேட்டார். தங்கையின் வளைகாப்புப் படம் ஒன்றை எடுத்துத் தேடிப் பார்த்தேன். 2019-இல் எடுத்தது. ஆறு இடத்தில் இருந்தது.

முதலாவது, நான் ஒழுங்காக அடுக்கி வைத்த 'படங்கள்' ஃபோல்டருக்குள், 2019, வளைகாப்பு என்ற இடத்தில். இரண்டாவது, டெஸ்க்டாப்பில் 'நியூ ஃபோல்டர் (3)'. மூன்றாவது, 'பழைய லேப்டாப் பேக்கப்'. நான்காவது, போனை மாற்றியபோது அப்படியே இறக்கிய 'போன் 2020'. ஐந்தாவது, அதே 'போன் 2020'-க்குள் வாட்ஸ்அப் அனுப்பிய படங்கள் இருக்கும் 'சென்ட்' ஃபோல்டர். ஆறாவது, 'பிரிண்ட் போட' என்று யாரோ (நான்தான்) பெயர் வைத்த ஃபோல்டர். ஒரு படத்துக்கே இந்தக் கதை என்றால் இருபதாயிரம் படத்துக்கு என்ன கணக்கு?

இந்த ஆறையும் கடைசி வரை கையில் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் இவற்றுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால் முறை தானாகப் புரியும்.

டூப்ளிகேட் என்றால் எது?

வேலையில் இறங்குமுன் இதில் தெளிவு வேண்டும். இல்லையென்றால் நல்ல படம் போய்விடும். மூன்று வகை இருக்கிறது.

முதல் வகை அச்சு அசல் நகல். காப்பி, பேஸ்ட் செய்து உண்டானது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பைட்டும் ஒன்றே. மேலே சொன்ன ஆறில் முதல் நான்கும் இப்படி. நான்குமே 4000×3000 பிக்சல், 4.6 எம்பி. இதில் மூன்றைத் தூக்கினால் யாருக்கும் எந்த இழப்பும் இல்லை.

இரண்டாவது வகையில் படம் ஒன்று, ஃபைல் வேறு. வாட்ஸ்அப்பில் போய் வந்தது, அளவு குறைத்தது, திருத்தியது எல்லாம் இதில் சேரும். ஐந்தாவது படம் 1600×1200 பிக்சல், 240 கேபிதான். ஆறாவது, முகம் தெளிவாகத் தெரிய வெளிச்சம் கூட்டி சேமித்தது. கண்ணுக்கு இவை ஒரே படம். கணினிக்கு முற்றிலும் வேறு ஃபைல்கள்.

மூன்றாவது வகை, அடுத்தடுத்து எடுத்த படங்கள். குரூப் போட்டோவுக்கு ஐந்து முறை கிளிக் செய்திருப்போம். ஒன்றில் சித்தப்பா கண்ணை மூடியிருப்பார், இன்னொன்றில் குழந்தை எங்கோ பார்க்கும். மென்பொருள் இவற்றையும் 'ஒரே மாதிரி' என்று காட்டும். ஆனால் இவை டூப்ளிகேட் இல்லை. எதை வைப்பது என்பது ரசனை சார்ந்த விஷயம். அதைச் சுத்தம் செய்யும் நாளில் செய்யாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை அது.

முதல் வகையை மென்பொருளிடம் நம்பி விடலாம். இரண்டாவதில் அது சொல்லும், நீங்கள் முடிவெடுக்க வேண்டும். மூன்றாவதைத் தொடவே விடக்கூடாது.

பெயரை நம்பாதீர்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் பொதுவாக இங்கேதான் சறுக்குகிறார்கள். ஒரே பெயர் இருந்தால் ஒரே படம் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். கேமரா படங்களுக்கு டிஎஸ்சி_0001, டிஎஸ்சி_0002 என்று வரிசையாக எண் போடும். 9999-ஐத் தாண்டினால் மறுபடி 0001. சில கேமராக்களில் மெமரி கார்டை மாற்றினாலே எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கிவிடும். அதனால் 2012 கொடைக்கானல் பயணத்திலும் 2016 காதுகுத்திலும் டிஎஸ்சி_0214 இருக்கலாம். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மறுபக்கம், ஒரே படம் வேறு வேறு பெயரிலும் இருக்கும். இரண்டாம் முறை டவுன்லோட் செய்தால் பெயருக்குப் பின்னால் (1) ஒட்டிக்கொள்ளும். அதே ஃபோல்டரில் பேஸ்ட் செய்தால் 'காப்பி' என்று சேரும். வாட்ஸ்அப் வழியாக வந்தால் பழைய பெயரே காணாமல் போய், ஐஎம்ஜி-20190114-டபிள்யூஏ0007 என்பது போல வரும். நடுவில் இருப்பது வருடம், மாதம், தேதி. அதுவும் வாட்ஸ்அப்பில் வந்த தேதிதான், படம் எடுத்த தேதி என்று நினைத்துவிடாதீர்கள்.

விண்டோஸ் காட்டும் 'டேட் கிரியேட்டட்' அதைவிட மோசம். ஒரு படத்தை இன்று காப்பி செய்தால் அந்த நகலுக்கு இன்றுதான் பிறந்தநாள். நம்பத்தகுந்தது படத்துக்குள்ளேயே கேமரா எழுதி வைக்கும் 'டேட் டேக்கன்' மட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் அதுவும் இருக்காது, வழியில் உதிர்ந்துவிடும்.

சரி, மென்பொருள் எப்படிக் கண்டுபிடிக்கிறது? முதலில் ஃபைலின் அளவைப் பார்க்கும். பைட் கணக்கில் அளவு வேறு என்றால் அச்சு அசல் நகலாக இருக்க வாய்ப்பே இல்லை, அங்கேயே விட்டுவிடும். அளவு ஒத்துப்போனால் உள்ளடக்கத்தைப் படித்து ஒரு கைரேகை எடுக்கும். இதற்கு ஹேஷ் என்று பெயர். எஸ்எச்ஏ-256 என்ற முறையில் எடுத்தால் அது 64 எழுத்து நீளம். படத்தில் ஒரே ஒரு பைட் மாறினாலும் கைரேகை முழுக்க மாறிவிடும். அதனால்தான், விண்டோஸில் ஒரு படத்துக்கு நட்சத்திர மதிப்பெண் கொடுத்திருந்தால்கூட அது தன் நகலோடு ஒத்துப்போகாது; அந்த மதிப்பெண் ஜேபெக் ஃபைலுக்குள்ளேயே எழுதப்படுகிறது.

நான் பட்ட அடி

இரண்டு வருடம் முன்பு அவசரத்தில் ஒரு வேலை செய்தேன். 'ஒரே மாதிரி படங்கள்' என்று ஏதோ ஒரு மென்பொருள் பட்டியல் காட்டியது. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவதைத் தானாக டிக் செய்யும் பொத்தான் ஒன்று இருந்தது. அழுத்தினேன், டெலீட் கொடுத்தேன், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். 9 ஜிபி மிச்சமாயிற்று என்று பெருமை வேறு.

ஆறு மாதம் கழித்து அப்பாவின் மணிவிழாப் படத்தை 12×18 அங்குலத்தில் பிரேம் போடக் கொடுத்தேன். ஸ்டுடியோக்காரர் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சார், இது வாட்ஸ்அப் படம். ஒரிஜினல் இல்லையா?" என்றார். அந்த அளவுக்கு நல்ல பிரிண்ட் வர 5400×3600 பிக்சல் வரை இருந்தால் நல்லது. கேமராவின் 4000×3000 இருந்திருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். என்னிடம் இருந்தது 1600×1200. அங்குலத்துக்குத் தொண்ணூறு பிக்சல்கூடத் தேறவில்லை. பெரிய படத்தை அழித்துவிட்டுச் சின்னதை வைத்திருந்தேன். மென்பொருள் மேல் பழி இல்லை, எது முதல், எது இரண்டாவது என்று நான்தான் அதற்குச் சொல்லவில்லை.

அதிலிருந்து வரிசையை மாற்றிவிட்டேன். எதை வைத்துக்கொள்வது என்று முதலில் முடிவு. தேடல் அப்புறம். கீழே இருப்பது அந்த வரிசை.

படி 1: ஒரு நகல் எடுத்து, கழற்றி வையுங்கள்

எல்லாப் படங்களையும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்யுங்கள். குப்பையோடு, டூப்ளிகேட்டோடு, இருக்கிறபடியே. யுஎஸ்பி 3 போர்ட்டில் சாதாரண ஹார்ட் டிஸ்க் என்றால் 100 ஜிபிக்கு இருபது நிமிடம் போல ஆகும். பழைய யுஎஸ்பி 2 என்றால் ஒரு மணி நேரம். ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல்கள் இருந்தால் இன்னும் இழுக்கும். காப்பி முடிந்ததும் டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். இது முக்கியம். சொருகியே வைத்திருந்தால் நாளை தேடலில் அதுவும் தவறுதலாகச் சேர்ந்து, பேக்கப்பையே டூப்ளிகேட் என்று அழித்துவிடுவீர்கள்.

பேக்கப் என்பதே நகல்தானே, அதுவும் டூப்ளிகேட் இல்லையா என்று கேட்கலாம். வேண்டுமென்றே வேறு இடத்தில் வைத்திருப்பது பேக்கப், தெரியாமல் அதே டிஸ்கில் கிடப்பது டூப்ளிகேட். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு இதற்குப் பிரபலம்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு அந்த மூன்றாவது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

படி 2: தாய் ஃபோல்டர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

இனி 'ஒரிஜினல் எங்கே?' என்று யார் கேட்டாலும் கை நீட்டிக் காட்ட ஒரே ஒரு இடம் வேண்டும். நான் அதைத் தாய் ஃபோல்டர் என்பேன். அதற்குள் வருடம், வருடத்துக்குள் நிகழ்ச்சி. என் விஷயத்தில் 'படங்கள்' ஃபோல்டர். உங்களிடம் அப்படி ஒழுங்காக எதுவும் இல்லையென்றால், இருப்பதிலேயே அதிகம் அடுக்கப்பட்ட ஃபோல்டரைத் தேர்ந்தெடுங்கள். வெறும் ஃபோல்டரிலிருந்து தொடங்க வேண்டாம். எல்லாவற்றையும் புதிதாக அடுக்குகிறேன் என்று கிளம்பினால் வேலை பாதியில் நின்று ஏழாவது நகல்தான் உருவாகும்.

கூடவே, தொடக்கூடாத இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு (கிளவுட்) ஆன ஒன்டிரைவ் முதலாவது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பேக்கப் கேட்டபோது நீங்கள் 'சரி' கொடுத்திருந்தால், உங்கள் 'பிக்சர்ஸ்' ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள் போயிருக்கும். மேலே இருக்கும் முகவரிப் பட்டையில் பார்த்தால் தெரியும். அங்கே ஒரு படத்தை அழித்தால் கிளவுடிலும் போகும், அதே கணக்கில் இணைந்த மற்ற கணினிகளிலும் போகும். மேகக் குறி போட்ட படங்கள் கணினியில் இல்லவே இல்லை; தேடலை ஓட்டினால் ஒவ்வொன்றாக டவுன்லோட் ஆகத் தொடங்கி டேட்டாவையும் தின்னும், டிஸ்கையும் நிரப்பும். கொஞ்சம் பழகும் வரை ஒன்டிரைவை விட்டுவிடுங்கள்.

படங்களை அடுக்கவும் திருத்தவும் கூகுள் தந்த பிக்காசா மென்பொருளைப் பயன்படுத்திய வீடுகளில் இன்னொரு கண்ணி உண்டு. 2016 மார்ச்சிலேயே கூகுள் அதைக் கைவிட்டுவிட்டது. ஆனால் அது விட்டுப்போன ஃபோல்டர்கள் இன்னும் பலர் டிஸ்கில் இருக்கின்றன. பிக்காசாவில் திருத்திச் சேமித்தபோதெல்லாம் திருத்தாத மூலப் படத்தை 'பிக்காசாஒரிஜினல்ஸ்' என்று புள்ளியில் தொடங்கும் ஒரு மறைவான ஃபோல்டரில் அது பத்திரப்படுத்தியது. இரண்டுக்கும் ஒரே பெயர். பார்க்க டூப்ளிகேட் மாதிரி இருக்கும். உண்மையில் அதுதான் ஒரிஜினல்.

டி டிரைவ், சி டிரைவ் என்று முழு டிரைவையும் தேடலுக்குக் கொடுக்காதீர்கள். விண்டோஸுக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் சொந்தமான படங்கள், ஐகான்கள் ஆயிரக்கணக்கில் இரட்டையாக இருக்கும். அவை அப்படித்தான் இருக்க வேண்டும்.

படி 3: மென்பொருள்

நான் பயன்படுத்துவது டியூப்குரு. ஆங்கிலத்தில் டி, யு, பி, இ, ஜி, யு, ஆர், யு என்று சேர்த்து எழுத வேண்டும். இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தேடும்போது மேலே வரும் விளம்பரங்களில் 'டூப்ளிகேட் கிளீனர்' என்று பல வரும். அவற்றில் சில தேடிக் காட்டிவிட்டு, அழிக்கப் போகும்போது பணம் கேட்கும். டியூப்குருவை அதனுடைய சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

இன்னொன்றும் நல்லது: ச்காவ்கா. போலந்து மொழியில் 'விக்கல்' என்று பொருள். சி, இசட், கே, ஏ, டபிள்யூ, கே, ஏ என்று எழுத வேண்டும். தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நமக்கே விக்கல் வந்துவிடும். வேகம் அதிகம், தேர்வுகளும் அதிகம். புதியவர்களுக்கு அந்தத் தேர்வுகள்தான் சிக்கல். டியூப்குருவில் கை பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

படி 4: முதல் சுற்று, அச்சு அசல் நகல்கள்

டியூப்குருவைத் திறந்தால் மேலே 'அப்ளிகேஷன் மோட்' என்று மூன்று பொத்தான்: ஸ்டாண்டர்ட், மியூசிக், பிக்சர். படம் தேடுகிறோம், பிக்சர்தானே என்று அழுத்தத் தோன்றும். அழுத்தாதீர்கள். முதலில் ஸ்டாண்டர்ட். அதன் கீழே 'ஸ்கேன் டைப்' என்ற இடத்தில் 'கன்டென்ட்ஸ்' என்று வையுங்கள். பெயரைப் பார்க்காமல் உள்ளடக்கத்தைப் பார் என்று அர்த்தம்.

இந்தச் சுற்றை இரண்டாகப் பிரித்துச் செய்ய வேண்டும். முதலில் தாய் ஃபோல்டரை மட்டும் கீழே இருக்கும் கூட்டல் குறியால் சேர்த்து, ஸ்கேன் கொடுங்கள். தாய்க்குள்ளேயே இருக்கும் இரட்டைகள் வரும். அவற்றை முடித்துவிட்டு, 'நியூ ஃபோல்டர் (3)', 'பழைய லேப்டாப் பேக்கப்', 'போன் 2020' எல்லாவற்றையும் சேருங்கள். இப்போது பட்டியலில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் எதிரே 'ஸ்டேட்' என்ற பத்தியில் 'நார்மல்' என்று இருக்கும். தாய் ஃபோல்டருக்கு மட்டும் அதைச் சொடுக்கி 'ரெஃபரன்ஸ்' என்று மாற்றுங்கள்.

இந்த ஒரு சொடுக்கு போதும், நான் பட்ட அடி உங்களுக்கு விழாது. ரெஃபரன்ஸில் இருக்கும் எதையும் டியூப்குரு அழிக்க விடாது. நீங்களே தவறுதலாக டிக் போட முயன்றாலும் முடியாது. ஆனால் ரெஃபரன்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் இரண்டு படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டும் காட்டாது. தாயை முதலில் தனியாக ஓட்டச் சொன்னது அதனால்தான்.

ஸ்கேன் முடிந்ததும் முடிவுகள் குழு குழுவாக வரும். ஒவ்வொரு குழுவிலும் முதலில் நீல எழுத்தில் இருப்பது தங்கப் போவது. அதற்குக் கீழே கொஞ்சம் உள்தள்ளி இருப்பவை போகப் போகிறவை. நம் வளைகாப்புப் படம் இப்படி வந்தது: நீலத்தில் தாய் ஃபோல்டர் படம், கீழே மூன்று நகல்கள். வாட்ஸ்அப் படமும் பிரிண்ட் படமும் இந்தப் பட்டியலில் இல்லை. பைட் வேறு என்பதால் வரக்கூடாதுதான்.

ஏதாவது பத்துக் குழுக்களை எடுத்து, வரிசையைச் சொடுக்கிப் படத்தைத் திறந்து பாருங்கள். பட்டியலின் மேலே, நடுவே, கடைசியில் என்று கலந்து எடுங்கள். எல்லாம் சரி என்றால் 'மார்க்' மெனுவில் 'மார்க் ஆல்'. நீலத்தில் இருப்பவற்றில் டிக் விழாது, கவலை வேண்டாம்.

ஒரு விஷயம் கவனியுங்கள். சில குழுக்களில் தாய் ஃபோல்டர் படமே இருக்காது. 'போன் 2020'-இலும் 'பழைய லேப்டாப் பேக்கப்'பிலும் மட்டும் இருக்கும் படங்கள் அவை. அங்கே எது தங்குகிறது என்பது பெரிதில்லை, பைட் பைட்டாக ஒன்றுதான். ஆனால் அந்தப் படம் தாய் வீட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்ற தகவல் கிடைக்கிறதே, அதுதான் லாபம். குறித்து வைத்துக்கொண்டு பிறகு தாய் ஃபோல்டருக்கு மாற்றுங்கள்.

படி 5: அழிக்காதீர்கள், ஒதுக்குங்கள்

'ஆக்‌ஷன்ஸ்' பொத்தானை அழுத்தினால் முதலில் கண்ணில் படுவது ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பும் தேர்வு. அதைத் தாண்டிக் கீழே வாருங்கள். 'மூவ் மார்க்ட் டு' என்று ஒன்று இருக்கும். டி டிரைவில் 'ஒதுக்கியவை' என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதற்கு நகர்த்துங்கள்.

அதற்கு முன் ஆப்ஷன்ஸ் மெனுவில் காப்பி, மூவ் தொடர்பான அமைப்பில் 'ரீகிரியேட் ஆப்சொல்யூட் பாத்' என்று வையுங்கள். அப்படிச் செய்தால் 'ஒதுக்கியவை'க்குள் பழைய ஃபோல்டர் அமைப்பு அப்படியே மறுபடி உண்டாகும். எந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று தெரியும், தவறு நடந்தால் அதே இடத்தில் திருப்பி வைக்கலாம். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டினால் டிஎஸ்சி_0214 இரண்டும் அங்கே மோதிக்கொள்ளும்.

ரீசைக்கிள் பின் இருக்கிறதே, அது போதாதா? கணினிக்குள் இருக்கும் டிஸ்கில் என்றால் ஓரளவு போதும். பென்டிரைவிலும் மெமரி கார்டிலும் பொதுவாக ரீசைக்கிள் பின்னே கிடையாது, அழித்தால் அழிந்ததுதான். ரீசைக்கிள் பின் நிறைந்தால் பழையவை சத்தமில்லாமல் போய்விடும் என்பது இன்னொரு விஷயம். அதோடு, பின்னைக் காலி செய்யும் வரை இடமும் திரும்பி வராது. எப்படியும் காத்திருக்கத்தான் போகிறோம், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்துக் காத்திருப்போம்.

படி 6: இரண்டாம் சுற்று, ஒரே படம் வேறு ஃபைல்

இப்போதுதான் பிக்சர் மோட். இது கைரேகை எடுக்காது. படத்தை 15×15 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் சராசரி நிறத்தையும் எடுத்து, இரண்டு படங்களின் கட்டங்களை ஒப்பிடும். படத்தைச் சின்னதாக்கினாலும் சராசரி நிறம் பெரிதாக மாறாது. அதனால் வாட்ஸ்அப் நகலைப் பிடித்துவிடும். 'மோர் ஆப்ஷன்ஸ்' சொடுக்கி, வேறு வேறு பிக்சல் அளவுள்ள படங்களையும் ஒப்பிடும் தேர்வில் டிக் போட்டால்தான் இது நடக்கும். அதை மறந்துவிட்டு 'ஒன்றுமே வரவில்லையே' என்று நானே ஒருமுறை முழித்திருக்கிறேன்.

அங்கேயே 'ஃபில்டர் ஹார்ட்னெஸ்' என்று ஒரு நகர்த்தி இருக்கும். வலப்பக்கம் நகர்த்தினால் கறாராக இருக்கும், முடிவுகள் குறையும். இடப்பக்கம் போனால் தாராளம் காட்டும், நீலப் புடவை கட்டிய இரண்டு அத்தைகளையும் ஒன்று என்று சொல்லும். முதல் முறை இருக்கிற இடத்திலேயே விடுங்கள்.

இந்தச் சுற்று மெதுவாகத்தான் ஓடும், ஏனென்றால் ஒவ்வொரு படத்தையும் மற்ற எல்லாப் படங்களோடும் ஒப்பிட வேண்டும். 20,000 படங்கள் என்றால் ஏறக்குறைய இருபது கோடி ஜோடிகள். 5,000 படங்கள் என்றால் ஒன்றேகால் கோடி. நாலில் ஒரு பங்காகக் குறைத்தால் வேலை பதினாறில் ஒரு பங்காகிறது. அச்சு அசல் நகல்களை முதலில் களையச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இதையும் ஒரேயடியாக ஓட்டாமல் வருடம் வருடமாக ஓட்டுங்கள்.

தாய் ஃபோல்டரை ரெஃபரன்ஸாக வைத்தே ஓட்டலாம், ஆனால் இங்கே கண்ணை மூடிக்கொண்டு 'மார்க் ஆல்' கொடுக்கக் கூடாது. தாய் ஃபோல்டரில் இருப்பது சின்னப் படமாகவும், 'போன் 2020'-இல் இருப்பது பெரியதாகவும் இருக்கலாமே! எனக்கு முப்பத்தேழு படங்கள் அப்படி இருந்தன. எப்போதோ வாட்ஸ்அப்பில் வந்ததையே நல்ல படம் என்று அடுக்கி வைத்திருக்கிறேன். 'டைமென்ஷன்ஸ்' பத்தியைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். கீழே இருப்பது நீலத்தைவிடப் பெரிது என்றால் நிறுத்துங்கள். அந்தப் பெரிய படத்தைக் கையால் தாய் ஃபோல்டருக்குக் கொண்டுபோய்விட்டு, சின்னதை ஒதுக்குங்கள்.

அளவு மட்டும் போதாது. 'டீடெயில்ஸ்' திறந்தால் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். வளைகாப்புக் குழுவில் இந்த முறை மூன்று வந்தன: தாய்ப் படம், வாட்ஸ்அப் படம், வெளிச்சம் கூட்டிய பிரிண்ட் படம். வாட்ஸ்அப் படம் 1600×1200, முகங்களைச் சுற்றிப் பிசிறு, எடுத்த தேதியும் இல்லை, ஒதுக்கியாயிற்று. பிரிண்ட் படத்தைத் தொடவில்லை. அது என் உழைப்பு. பெயரின் கடைசியில் 'திருத்தியது' என்று சேர்த்துத் தாய் ஃபோல்டரிலேயே ஒரிஜினலுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆறு படம் இரண்டாயிற்று.

பிக்சர் மோடிலேயே 'எக்ஸிஃப் டைம்ஸ்டாம்ப்' என்று இன்னொரு ஸ்கேன் வகை உண்டு. ஒரே நொடியில் எடுத்ததாகக் குறிப்பு உள்ள படங்களைச் சேர்க்கும். வெட்டித் திருத்திய படங்களைத் தேட உதவும். வாட்ஸ்அப் நகல்களுக்கு உதவாது, அதில்தான் குறிப்பே இல்லையே. தொடர்ச்சியாகப் படபடவென்று எடுத்த படங்களை இது ஒன்றாகக் கட்டிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டு ஜோடிகளை மட்டும் பிரிக்காதீர்கள். ஐபோனில் ஒரே பெயரில் ஒரு படமும் ஒரு குட்டி வீடியோவும் இருந்தால் அது லைவ் போட்டோ. பெரிய கேமராவில் ஒரே பெயரில் ரா ஃபைலும் ஜேபெக்கும் இருந்தால் ரா என்பது நெகட்டிவ் மாதிரி. ஜேபெக் இருக்கிறதே என்று அதை எறியக்கூடாது.

'காலை வணக்கம்' படங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எந்த மென்பொருளும் இவற்றை முழுதாகப் பிடிக்காது, ஒவ்வொரு நாளும் வேறு பூ, வேறு காபிக் கோப்பை. வாட்ஸ்அப் ஃபோல்டரை விண்டோஸில் திறந்து, பெரிய ஐகான்களாக வைத்துக்கொண்டு, கன்ட்ரோல் கீயைப் பிடித்தபடி சொடுக்கிக்கொண்டே போங்கள். அம்மாவின் போனில் இதிலேயே 2 ஜிபி போயிற்று. "அதுல முருகர் படம் மட்டும் வைடா" என்றார். வைத்தேன்.

படி 7: காத்திருங்கள், அப்புறம் காலி செய்யுங்கள்

'ஒதுக்கியவை' ஃபோல்டரை ஒரு மாதம் அப்படியே விடுங்கள். அந்த மாதத்தில் யாராவது ஏதாவது படம் கேட்பார்கள். தாய் ஃபோல்டரில் இருக்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும். இல்லையென்றால் 'ஒதுக்கியவை'யில் போய் எடுங்கள், எந்தப் படியில் தவறினோம் என்று பாருங்கள். இடையில் 'நியூ ஃபோல்டர் (3)' மாதிரி காலியான, பாதி காலியான ஃபோல்டர்களில் மிஞ்சியிருப்பதைத் தாய் வீட்டுக்கு நகர்த்தி முடிக்கலாம். இங்கே காப்பி வேண்டாம், கட் செய்து பேஸ்ட் செய்யுங்கள். காப்பி செய்தால் மறுபடி முதலிலிருந்து.

மாதம் முடிந்ததும், அலமாரியில் இருக்கும் பேக்கப் டிஸ்கைச் சொருகி, சுத்தமான தாய் ஃபோல்டரைப் புதிய பெயரில் அதில் காப்பி செய்யுங்கள். அங்கே பத்துப் படங்களைத் திறந்து பாருங்கள். திறந்தால், பழைய குப்பைப் பேக்கப்பை அங்கிருந்து எடுத்துவிடலாம். டிஸ்கில் இடம் இருந்தால் அதையும் விட்டுவையுங்கள், ஒன்றும் அவசரமில்லை. பிறகு லேப்டாப்பில் 'ஒதுக்கியவை'யை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

இனிமேல் சேராமல் இருக்க எங்கள் வீட்டில் இரண்டே மாற்றம் செய்தோம். வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்தினோம். போனிலிருந்து வரும் எல்லாமே 'வரவு' என்ற ஒரே ஃபோல்டரில் மட்டும் இறங்கும். அங்கிருந்து வருட ஃபோல்டருக்கு நகரும்போது 'இதே பெயரில் ஏற்கனவே இருக்கிறது' என்று விண்டோஸ் கேட்டால் 'ரீப்ளேஸ்' கொடுக்காமல், இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டும் தேர்வைத் திறந்து பார்க்கிறோம். வீட்டுக்குள் யாருக்காவது நல்ல படம் வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புகிறோம், அளவு குறையாமல் போகும்.

அம்மாவின் டி டிரைவில் கடைசியில் 61 ஜிபி திரும்பி வந்தது. கோடு நீலமானதும், "சரி, அந்த வளைகாப்புப் படம் எங்க இருக்கு இப்போ?" என்று கேட்டார். படங்கள், 2019, வளைகாப்பு. அவரே போய்த் திறந்தார்.